மலேசியாவுல நிழல்பாவைக் கூத்தைத் தடை செய்தது உண்மையா? இப்ப யாராச்சும் ஆடுறாங்களா?

உண்மைதான், ஆனா மலேசியா முழுக்க இல்ல, கிளந்தான் மாநிலத்தில. நான் திருகோணமலை ஆள், கிளந்தானிட தலைநகர் கோத்தா பாருவில கட்டட வேலைக்குப் போய் ரெண்டு வருசம் கிடந்தனான், அங்க பாத்தது கேட்டதை வச்சுச் சொல்லுறன்.

அங்க இதுக்குப் பேர் வாயாங் குலிட். மாட்டுத்தோல்ல வெட்டின பாவை, வெள்ளைத் திரை, பின்னால ஒரு பல்பு, பாவையைக் குத்தி நிப்பாட்ட கீழ ஒரு வாழைக்குத்தி, அவ்வளவுதான் செட். டாலாங் எண்ட ஒரே ஆள் சம்மணம் கட்டி இருந்து எல்லாப் பாவையையும் ஆட்டி, ராமன் சீதை குரங்கு எல்லாருக்கும் தானே கதைச்சு முடிப்பார். ஆடுறவங்க முஸ்லிம் ஆக்கள், ஆடுறது ராமாயணம். அதுலயும் கதைக்குப் பேரே மகாராஜா வானா, அதாவது எங்கட இராவணன்! எங்கட ஊர்ப் பாறையில இருக்கிற இராவணன் வெட்டு எண்ட பிளவைப் பாத்து வளந்தவனுக்கு அதைக் கேக்க எப்பிடி இருந்திருக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்க.

1990ல பாஸ் எண்ட இஸ்லாமியக் கட்சி அந்த மாநிலத்தில ஆட்சிக்கு வந்து கொஞ்ச நாளிலயே வாயாங், மாக் யோங் எண்ட ஆட்ட நாடகம் எல்லாத்துக்கும் தடை, பிறகு 1998ல பொழுதுபோக்குக் கட்டுப்பாட்டுச் சட்டம் வேற. காரணம் இந்துக் கதை எண்டது மட்டும் இல்ல. ஆட்டம் தொடங்க முதல் பசையா ஒட்டுற அரிசிச் சோறு, முட்டை, வெத்தில வச்சுப் படைப்பாங்க, எங்கட மடை வைக்கிற மாதிரியேதான். கோமாளி பாக் டோகோல் இருக்கிறாரே, கறுப்பா வயிறு தள்ளிக்கொண்டு, அவர் உண்மையில கீழ இறங்கி வந்த தேவர் எண்டு நம்பிக்கை, அந்தப் பாவையை மற்றப் பாவை மாதிரி எடுத்தெறிய மாட்டாங்க. மார்க்கம் பேசுறவங்களுக்கு இதுதான் பெரிய குத்து. அதோட மத்தியில வேற கட்சி, மாநிலத்தில வேற கட்சி, அப்ப அவங்க "நாங்க கலையைக் காக்கிறம்" எண்டுவாங்க, இவங்க "நாங்க மார்க்கத்தைக் காக்கிறம்" எண்டுவாங்க, நடுவில டாலாங்கிட வீட்டு அடுப்பு எரியுதா எண்டு ஆரும் பாக்கேல்ல.

2017ல ஐநாவில இருந்து கலாசார உரிமையைப் பாக்கிற கரீமா பெனூன் வந்து தடையை எடுக்கச் சொன்னா, 2019ல மாக் யோங்குக்கு, மார்க்கத்துக்கு மாறானது ஒண்டும் இருக்கக்கூடாது எண்ட நிபந்தனையோட விட்டாங்க.

என்ர அபிப்பிராயம், தடையை விட நிபந்தனைதான் ஆளைக் கொல்லும். கேரளாவில பாலக்காட்டுப் பக்கம் பகவதி கோயில்ல கம்பராமாயணம் பாடிப் பாவை ஆட்டுறாங்க, முன்னால ஒரு சனம் இல்லாட்டியும் ஆடுவாங்க, ஏனெண்டா அது அம்மனுக்கு. கிளந்தான்ல படையலை வெட்டினா அம்மனும் இல்ல, ஊருக்குள்ள ஆட விடாட்டி சனமும் இல்ல. மிஞ்சுறது டூரிஸ்ட்.

நான் பாத்ததும் அப்பிடி ஒரு கலாசார மண்டபத்திலதான். ஒரு மணித்தியாலம், முன்னால முப்பது பிளாஸ்டிக் கதிரை, பாதி வெறும். செருனாய்க் குழல் ஊதினவருக்கு எழுபது வயசு இருக்கும், மூச்சு விடாமல் ஊதுறார், சத்தியமா எங்கட நாதஸ்வரம் மாதிரியே கேட்டுது. முடிஞ்சு பின்னால போனன், எந்த ஊர் எண்டு டாலாங் கேட்டார். சிலோன் எண்டன். "லங்காபுரி!" எண்டு சிரிச்சுப்போட்டுப் பெட்டியைத் திறந்து மகாராஜா வானாவை எடுத்து என்ர கையில தந்தார். நினைச்சதை விடப் பாரம். அசையிற கை ஒண்டுதான், குச்சியைப் பிடிக்கத் தெரியாமல் நான் ஆட்ட அது சும்மா தலை சொறியிற மாதிரி வந்துது, குழல் ஊதினவர் விழுந்து விழுந்து சிரிச்சார்.

இப்ப கோலாலம்பூர் பக்கம் ஸ்டார் வார்ஸ் படத்து ஆக்களைத் தோல்ல வெட்டி ஆட்டுறாங்க, டின்டொய் சூ எண்ட வடிவமைப்பாளரும் பாக் டைன் எண்ட டாலாங்கும் சேந்து 2013 அளவில தொடங்கினது. சிலர் திட்டுறாங்க, நான் திட்ட மாட்டன், பெடியள் கதிரையில இருக்கிறாங்களே.

ஆரும் போறதெண்டா கோத்தா பாருவில கெலாங்காங் செனி எண்ட கலாசார மண்டபத்தை விசாரியுங்க, நோன்பு மாசத்தில போகாதீங்க, ஆட்டம் இருக்காது.