சிவப்புப் பூவைச் சுற்றிய துணி

அன்பின் ஐயா,

மனிதரிடம் கடந்த பத்தாயிரம் ஆண்டுகளுக்குள்ளும் இயற்கைத் தேர்வு நடந்திருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். யார் பார்த்தது? இன்றைய இரத்தத்தை வைத்து அன்று நடந்ததைச் சொல்வது சாத்திரம் பார்ப்பது போல இருக்கிறது. இன்னொன்று: பால் தேத்தண்ணி குடித்தால் எனக்கு வயிறு ஊதுகிறது, தயிர் ஒன்றும் செய்வதில்லை. பாலின் சர்க்கரை செமிக்கவில்லை என்கிறார் டொக்டர். இது என்ன குறை?

ஒரு வாசகி, வெள்ளவத்தை

அன்பின் அம்மா,

இது குறையே இல்லை. பால்குடி மறந்த பிறகு, பாலின் சர்க்கரையை உடைக்கும் லாக்டேஸ் நொதியம் குறைந்துபோவதுதான் மனிதரின் பழைய வழமை. உலகில் வளர்ந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் உங்களைப் போலத்தான். தயிரில் அந்தச் சர்க்கரையில் ஒரு பங்கைப் பற்றீரியா முன்பே தின்றுவிடுகிறது. வளர்ந்த பிறகும் பால் செமிப்பதுதான் புதிதாக வந்தது. ஐரோப்பியரிடம் அதற்குக் காரணம் டிஎன்ஏயில் ஒரே ஓர் எழுத்து மாறியதுதான்.

சரி, யார் பார்த்தது? அம்மா வழியில் ஒரு சீலை, அப்பா வழியில் ஒரு சீலை. ஒவ்வொரு தலைமுறையிலும் இரண்டையும் ஒரே இடத்தில் குறுக்கே வெட்டி, துண்டுகளை மாற்றித் தைத்து, ஒன்றைப் பிள்ளைக்குக் கொடுக்கிறோம் என்று வையுங்கள். டிஎன்ஏயைச் சுமக்கும் நிறமூர்த்தங்கள் கலப்பது ஏறக்குறைய அப்படித்தான். ஒரு சீலையில் யாரோ சிவப்பு நூலால் சின்னப் பூ ஒன்று போட்டுவிட்டார். தலைமுறை போகப்போக, அந்தப் பூவைச் சுற்றி மிஞ்சும் பழைய துணி குறுகிக்கொண்டே வரும். தற்செயலாக அந்தப் பூ ஊரில் பாதிப்பேரிடம் போய்ச்சேர நெடுங்காலம் ஆகும், அதற்குள் துணி நறுங்கிவிடும். பூவும் பலரிடம் இருக்கிறது, துணியும் நீளமாக இருக்கிறது என்றால்? வெட்டுப்பட நேரமில்லாத வேகத்தில் அது பரவியிருக்கிறது. அதை வைத்திருந்தவர்கள் மற்றவர்களைவிட அதிகம் பிள்ளைகளை விட்டுச்சென்றால் அப்படிப் பரவும், அதுதான் இயற்கைத் தேர்வு. வட ஐரோப்பியரின் பால் மாற்றத்தைச் சுற்றி ஏறத்தாழ 10 லட்சம் எழுத்துகள் அப்படி நீள்கின்றன. மரபியலாளர் பார்டிஸ் சபெத்தியும் சக ஆய்வாளர்களும் 2002இல் வெளியிட்ட முறை இந்த நீளத்தை அளப்பதுதான். அதை அவர்கள் பொருத்திப் பார்த்தது மலேரியாவோடு தொடர்புள்ள மரபணுக்களில்.

சிறு கூட்டமொன்று பிரிந்துபோய்ப் பெருகினாலும் துணி நீளும். அதனால் மரபணுத்தொகுதி, அதாவது ஒருவரின் டிஎன்ஏ, முழுவதையும் அளந்து, இந்த இடம் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். அதைப் பார்க்காமல் வரும் பரபரப்புச் செய்திகளை நான் நம்புவதில்லை.

கென்யா, தன்சானியா மேய்ப்பர்களிடம் இருப்பது வேறு பூ, 2007இல் அதைக் கண்டார்கள். இந்தியாவில் அதிகம் காணப்படுவதோ ஐரோப்பியரின் அதே பூ, சுற்றிலும் அதே துணி. ஆகவே அது அங்கே தனியாகத் தோன்றவில்லை, ஆட்களோடு வந்திருக்கிறது. வடமேற்கில் அதிகம், தெற்கே வரவரக் குறைவு.

எம்மவரிடம் பார்த்தார்களா என்று அடுத்து நீங்கள் கேட்கக்கூடும். பல நாட்டவரின் டிஎன்ஏயைப் படித்த ஆயிரம் மரபணுத்தொகுதித் திட்டம் 2015இல் வெளியிட்ட 2,504 பேரில் 102 பேர் இலங்கைத் தமிழர். ஆனால் அத்தனை பேரிடமும் மாதிரி எடுத்தது பிரித்தானியாவில். மட்டக்களப்பிலும் மலையகத்திலும் உங்கள் வெள்ளவத்தையிலும் எடுத்த மாதிரிகள் அதோடு சேர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.