கேளுங்கள், சொல்கிறேன்: அரைக்க அரைக்கப் பருக்கும் பொடி

கேள்வி: அலுமினாப் (அலுமினியம் ஆக்சைடு) பொடியை ஒரு மைக்ரானுக்குக் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கீழே அரைக்க வேண்டும். என்னிடம் இருப்பது 20 செ.மீ. உள்விட்டமுள்ள பால் மில் (ball mill) ஜாடி, அதாவது உள்ளே குண்டுகள் உருள, சுழன்று அரைக்கும் ஜாடி. 20 மி.மீ. அலுமினாக் குண்டுகள் போட்டு, தண்ணீரில்லாமல் ஓட்டுகிறேன். முதலில் மளமளவென்று குறைந்த அளவு, மூன்று மைக்ரானில் நின்றுவிட்டது. மேலும் ஒரு நாள் ஓட்டி அளந்தால், கூடியிருக்கிறது! மில் பழுதா, அளக்கும் லேசர் கருவி பழுதா?

பதில்: இரண்டும் நன்றாகவே இருக்கின்றன. ஜாடியின் சுவரைச் சுரண்டிப் பாருங்கள், பொடி அடையாக அப்பியிருக்கும். துகள் உடையும்போதெல்லாம் புதுப் பரப்பு பிறக்கிறது. ஒரு கிராம் அலுமினாவின் பரப்பு ஒரு மைக்ரானில் சுமார் 1.5 சதுர மீட்டர் என்றால், 0.1 மைக்ரானில் 15. அந்தப் பரப்புகள் ஒன்றையொன்று இழுத்து ஒட்டிக்கொள்கின்றன. ஒரு கட்டத்துக்குப் பிறகு உடைகிற வேகமும் ஒட்டுகிற வேகமும் சமமாகிவிடும். அதன்பின் மில் ஓடுவது மின்சாரக் கட்டணத்துக்குத்தான்.

ஆகவே ஈரமாக அரையுங்கள். ஆனால் வெறும் தண்ணீர் போதாது. பி.எச். 9-ஐ ஒட்டி அலுமினாத் துகளின் மேல் மின்னூட்டமே இராது. விலக்கித் தள்ள விசையில்லாமல் துகள்கள் கூடிக்கொள்ளும். நைட்ரிக் அமிலம் சில சொட்டு விட்டு பி.எச்.-ஐ 4-க்கு இறக்கலாம். என் விருப்பம் துகள்களை ஒட்டவிடாமல் பிரித்து வைக்கும் அம்மோனியம் பாலிஅக்ரிலேட்: பொடி எடையில் அரை சதவீதத்தில் தொடங்கி, பொடியும் நீரும் கலந்த குழம்பு மிக இளகலாக ஓடும் அளவைக் கண்டுபிடியுங்கள். அதிகமாகப் போட்டால் மறுபடி கெட்டியாகும். அதே வேலை செய்யும் சோடியம் ஹெக்ஸாமெட்டாபாஸ்பேட் எளிதில் கிடைக்கிறதே என்று அதை எடுக்காதீர்கள். அம்மோனியம் உப்பு சூளையில் எரிந்து போகும், சோடியம் போகாது. மின்காப்புப் பொருள் செய்கிறவருக்கு அது தலைவலி.

அடுத்து, குண்டு. 20 மி.மீ. உங்கள் வேலைக்கு மிகப் பெரிது. அதே கன அளவில் 5 மி.மீ. குண்டுகள் போட்டால் எண்ணிக்கை 64 மடங்கு. மோதல்களும் அப்படியே பெருகும். சிறிய குண்டுக்கு எடை குறைவென்பதால் கன செ.மீ.க்கு 6 கிராம் அடர்த்தியுள்ள சிர்கோனியா (சிர்கோனியம் ஆக்சைடு) நல்லது. தேயும் சிர்கோனியா கலப்பதே ஆகாது என்றால் தூய அலுமினாக் குண்டோடு பொறுமையாக இருங்கள். தேய்ந்து கலந்தாலும் அதே சரக்குதான். ஜாடியில் பாதி வரை குண்டு, அவற்றின் இடைவெளி நிரம்பி மேலே சற்று மூடும்வரை குழம்பு.

வேகத்தைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லை. 42.3-ஐ, ஜாடியின் விட்டத்திலிருந்து குண்டின் விட்டத்தைக் கழித்து (மீட்டரில்) வரும் எண்ணின் வர்க்கமூலத்தால் வகுத்தால், குண்டுகள் சுவரோடு ஒட்டிச் சுழலத் தொடங்கும் வேகம் கிடைக்கும். 5 மி.மீ. குண்டோடு உங்களுக்கு நிமிடத்துக்குச் சுமார் 96 சுற்று. 65-லிருந்து 70 சுற்றுக்குள் ஓட்டுங்கள்.

அளக்கும் முன் மாதிரியை அதே பாலிஅக்ரிலேட் கலந்த நீரில் அல்ட்ராசோனிக் (ஒலியதிர்வுத்) தொட்டியில் கொஞ்ச நேரம் வையுங்கள். ஒட்டிய கொத்தை லேசர் ஒரே துகளாகத்தான் எண்ணும்.

கேள்வி: ஈரமாக அரைத்ததை அடுப்பில் உலர்த்தினால் கல்லாகிவிடுகிறதே?

பதில்: ஆவியாகும் நீர் துகள்களை நெருக்கி இழுக்கிறது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் அலசி உலர்த்தினால் இறுக்கம் குறையும். உறையவைத்து உலர்த்துவது இன்னும் நல்லது. வார்ப்பதற்குத்தான் பொடி என்றால், உலர்த்தவே வேண்டாம். குழம்பை நேராக பிளாஸ்டர் அச்சில் ஊற்றுங்கள்.