வேக்சர்ஃபிங் அலைக்கு எதை வாங்கலாம், எதை வாங்கக் கூடாது?

இந்த வாரம் வந்த கடிதங்களில் நான்கு ஒரே விஷயத்தைச் சுற்றியவை. முன்னால் படகு போக, அது எழுப்பும் அலையின் மேல் பலகையில் நின்று, கயிற்றைக்கூட விட்டுவிட்டுச் சறுக்கிக்கொண்டே வருவதுதான் வேக்சர்ஃபிங். கைப்பேசியில் இதைப் பார்த்துவிட்டு நம் பக்கத்துப் பிள்ளைகள் ஆசைப்படுவது எனக்குப் புரிகிறது. கடலோரத்தில் பிறந்தவர்களுக்கு இந்த ஆசை வராவிட்டால்தான் ஆச்சரியம். நான் ராயபுரத்துக்காரன். வளைகுடாவில் எட்டு வருடம் இந்த வகைப் படகுகளைப் பராமரிக்கும் வேலையில் இருந்தேன். அதனால் இந்தத் தடவை கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

கேள்வி: நாங்கள் நண்பர்கள் மூன்று பேர். 28 அடி ஃபைபர் படகு, 40 குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சின் இருக்கிறது. பின்பக்கம் மணல் மூட்டை அடுக்கி, பக்கத்தில் ஒட்டும் ‘அலைப் பலகை’ மாட்டினால் சர்ஃபிங் அலை வரும், ஆட்களை ஏற்றிக் காசு பார்க்கலாம் என்று ஒரு கடைக்காரர் சொல்கிறார். பலகை 26,000 ரூபாய். வாங்கலாமா அண்ணா? — ஒரு வாசகர், காசிமேடு

பதில்: வேண்டாம் தம்பி. முன்பணம் கொடுத்திருந்தால் இன்றைக்கே போய்த் திருப்பிக் கேளுங்கள்.

காரணம் புரொப்பல்லர். தண்ணீர்ச் சறுக்கில் ஆள் நீளக் கயிற்றின் முனையில், படகுக்கு எவ்வளவோ தூரத்தில் இருப்பார். வேக்சர்ஃபிங்கில் படகின் பின்விளிம்புக்கும் ஆளுக்கும் நடுவே சுமார் 10 அடிதான். அதோடு அலையே அவரைப் படகை நோக்கித் தள்ளிக்கொண்டிருக்கும், அந்தத் தள்ளுதலில்தான் அவர் சறுக்குகிறார். அவுட்போர்டு எஞ்சினில் புரொப்பல்லர் படகுக்கு வெளியே, பின்னால் தொங்குகிறது. ஒருவர் முன்பக்கமாக விழுந்தால் அதன் மேலேயே போய் விழுவார். ஓட்டுகிறவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அந்த இரண்டு விநாடிக்குள் ஒன்றும் செய்ய முடியாது.

இதற்கென்று செய்யும் படகுகள் இன்போர்டு வகை. எஞ்சின் உள்ளே இருக்கும். புரொப்பல்லர் அடிப்பாகத்தின் கீழே, பின்விளிம்புக்கு நன்றாக முன்னால் இருக்கும். பின்னால் விழுகிறவரின் கால் அதை எட்டாது. 2015-இல் வோல்வோ பென்டா கம்பெனி புரொப்பல்லரை முன்பக்கம் பார்த்துத் திருப்பிய டிரைவ் (எஞ்சின் விசையைப் புரொப்பல்லருக்குக் கொண்டுபோகும் பகுதி) ஒன்றைக் கொண்டுவந்தது. அதுவும் படகின் அடிக்குள் ஒதுங்கி நிற்பதால் ஏற்றுக்கொள்கிறார்கள். உங்கள் எஞ்சின் இந்த இரண்டிலும் சேராது. எந்தப் பலகை மாட்டினாலும் சேரப்போவதில்லை.

இன்னொன்று, அலையும் வராது. நம் ஃபைபர் படகு ஒடுக்கமாக, லேசாக, கரையலையைத் தாண்டிப் போவதற்காகக் கட்டியது. வேக்சர்ஃபிங் படகு அதற்கு நேர்மாறு. அகலமாக, கனமாக, தண்ணீரை வாரித் தள்ள வேண்டும் என்றே கட்டியது. புதிதாக வாங்கப் போனால் பெரும்பாலும் ஒரு லட்சம் டாலரைத் தாண்டும். 26,000 ரூபாய்ப் பலகை அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டும் என்று சொல்கிறவர் உங்கள் உயிரோடு விளையாடுகிறார். அலைமேல் நிற்கத்தான் ஆசை என்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் கோவளம் போய் வாருங்கள். அங்கே கடல் அலையிலேயே சொல்லிக்கொடுக்கிறார்கள்.

கேள்வி: துபாயில் ஒரு குடும்பத்தின் படகை ஓட்டுகிறேன், விடுமுறைக்கு வந்திருக்கிறேன். 21 அடி பழைய இன்போர்டு. உள்ளே பாரத்துக்கென்று இருக்கும் மூன்று தொட்டிகளில் சுமார் 500 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். முதலாளியின் பையன்களுக்கு வேக்சர்ஃபிங் வேண்டுமாம். ஆனால் அலை முழங்கால் உயரம்கூட இல்லை, ஒரே நுரை. கடைக்காரர் இரண்டு தண்ணீர்ப் பைகள், ஒட்டும் பலகை, புது புரொப்பல்லர் என மொத்தமாக எழுதிக் கொடுத்துவிட்டார். முதலாளி என்னையே முடிவு செய்யச் சொல்கிறார். எதை முதலில் வாங்கச் சொல்லட்டும்? — ஒரு வாசகர், திருவொற்றியூர்

பதில்: முதல் நாள் எதுவுமே வாங்க வேண்டாம். ஒரு நோட்டு, ஒரு பேனா, கைப்பேசியில் ஜிபிஎஸ் வேகம் காட்டும் ஒரு செயலி போதும். பழைய படகுகளின் வேகமானியை நம்பாதீர்கள்.

அந்த நுரை எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. படகு போகும்போது பின்னால் தண்ணீரில் ஒரு பள்ளம் விழுகிறது. அதை நிரப்ப இரண்டு பக்கத்திலிருந்தும் தண்ணீர் ஓடி வருகிறது. படகு சமமாக இருந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் வந்து மோதி, இரு பக்கமும் கலங்கிப் போகும். ஒரு பக்கத்துத் தண்ணீரைக் கொஞ்சம் தாமதப்படுத்தினால் அடுத்த பக்கத்து அலை உடையாமல், வழவழவென்று நிற்கும். தாமதப்படுத்த இரண்டு வழிகள். சறுக்கும் பக்கம் பாரத்தை ஏற்றிப் படகைச் சாய்ப்பது ஒன்று. எதிர்ப்பக்கத்துப் பின்விளிம்பில் பலகை மாட்டித் தண்ணீரைத் தள்ளிவிடுவது இன்னொன்று. மாலிபு, நாட்டிக் போன்ற கம்பெனிகள் இந்தப் பலகையைப் பொத்தான் அழுத்தினால் நீட்டும்படி படகிலேயே வைத்து விற்க ஆரம்பித்தது 2013 வாக்கில்தான். அதற்கு முன்பு எல்லோரும் பாரத்தைச் சாய்த்தே ஓட்டினார்கள். உங்கள் படகும் அந்தக் காலத்தது.

எந்தப் பக்கம் என்பதைப் பையன்களின் கால் சொல்லும். இடது காலை முன்னால் வைத்து நிற்கிறவருக்கு இடது பக்க அலை, வலது காலை முன்னால் வைக்கிறவருக்கு வலது பக்கம். அப்போதுதான் முகம் அலையைப் பார்த்து இருக்கும். புரொப்பல்லர் சுற்றும் திசையைப் பொறுத்து ஒரு பக்கம் இயல்பாகவே நன்றாக வரும். அடுத்த பக்கம் அதே அளவுக்கு வரவில்லையே என்று செலவைக் கூட்டாதீர்கள்.

இடது பக்கம் என்றே வைத்துக்கொள்வோம். மூன்று தொட்டிகளில் இடது பின்தொட்டியையும் நடுத்தொட்டியையும் நிரப்புங்கள், வலது பின்தொட்டி காலியாக இருக்கட்டும். இருக்கிற ஆட்களை இடது பின்மூலைக்கு நகர்த்துங்கள். தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ. நம் வீட்டு வாசலில் இறங்கும் 20 லிட்டர் கேனை நினைத்துக்கொண்டால் கணக்கு சுலபம்: நாலு பெரியவர்கள் என்றால் கிட்டத்தட்ட 14 கேன். இதற்குக் காசு கிடையாது. ஆழம் 10 அடிக்குக் குறையாத, காற்றில்லாத இடத்தில், கரையிலிருந்தும் மற்ற படகுகளிலிருந்தும் 200 அடியாவது தள்ளி, நேர்கோட்டில் ஓட்டுங்கள். மணிக்கு 16 கிலோமீட்டரில் ஆரம்பித்து, அரை அரை கிலோமீட்டராக 19 வரைக்கும் ஏற்றிப் பாருங்கள். நம் விசைப்படகுக்காரர்களுக்கு இந்த வேகம் நன்றாகத் தெரியும். படகு வேகம் பிடித்து எழும்புவதற்குச் சற்று முன்னால், பின்பக்கம் குந்தி மூக்கைத் தூக்கிக்கொண்டு போகுமே, அந்த இடம்.

ஒருவர் பின்னால் பார்த்து எழுதிக்கொண்டே வரட்டும். உச்சியில் நுரை பொங்கினால் வேகத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள். வழவழப்பாக இருந்தும் உயரம் போதவில்லை என்றால் பின்மூலையில் இன்னும் பாரம் வேண்டும். உயரமாகச் செங்குத்தாக எழும்பி, ஆனால் ஆள் நாலு அடி பின்தங்கினாலே அலை தீர்ந்துபோகிறதா? ஒருவரை அணியத்துக்கு, அதாவது படகின் முன்மூக்குக்கு, அனுப்புங்கள். முன்பாரம் கூடினால் அலை நீளும், உயரம் சற்றுக் குறையும். நான் வேலை பார்த்த ஒரு படகில் 80 கிலோ ஆள் ஒருவர் பின்மூலையிலிருந்து எழுந்து முன்னால் போய் உட்கார்ந்ததும், அதுவரை தடுமாறிக்கொண்டிருந்த சிறுமி கயிற்றைப் படகுக்குள் எறிந்துவிட்டாள். அவ்வளவு நுணுக்கமானது இது. ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்தான். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

இவ்வளவுக்கும் பிறகு உயரம் போதவில்லை என்றால் முதல் செலவு பின்மூலைக்கு ஒரு தண்ணீர்ப் பை. இரண்டு வேண்டாம், ஒன்று போதும். பையை முழுக்க நிரப்பிக் காற்றை வெளியேற்றுங்கள். பாதி நிரம்பிய மெட்ரோ வாட்டர் லாரி பிரேக் போடும்போது எப்படி ஆடும் என்று பார்த்திருப்பீர்கள். பாதிப் பையும் திருப்பத்தில் படகை அப்படித்தான் ஆட்டும். வாங்குமுன் படகில் எழுதியிருக்கும் தாங்குபாரத்தைப் பாருங்கள். ஆட்கள், தொட்டி, பை எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். அடித்தட்டில் சேரும் தண்ணீரை இறைக்கும் பம்ப் ஓடுகிறதா என்பதையும் பாருங்கள், பை கிழிந்தால் 300 லிட்டர் மொத்தமும் உள்ளேதான் கொட்டும். அணியத்தில் பாரம் வைத்திருக்கும்போது சட்டென்று நிறுத்தாதீர்கள். உங்கள் அலையே திரும்பி வந்து முன்பக்கமாக ஏறும்.

இரண்டாவது செலவு ஒட்டும் பலகை. உங்கள் படகுக்கு அது நியாயமான பொருள்தான். சறுக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில், பின்விளிம்புக்கு அருகே, தண்ணீருக்குள் இருக்கும்படி ஒட்ட வேண்டும். பலகை வந்தபின் சாய்வைக் குறைத்துப் பாருங்கள், அலை இன்னும் சுத்தமாகும். வழுவழுப்பான இடத்தில்தான் உறிஞ்சிகள் பிடிக்கும். ஆகவே முதலில் அந்த இடத்தைச் சோப்புப் போட்டுத் துடைத்து, பலகையை ஒரு கயிற்றால் படகோடு கட்டியும் வையுங்கள். நான் கட்டாமல் விட்ட ஒன்று இன்னும் அந்தக் கடலடியில்தான் கிடக்கிறது.

புரொப்பல்லர் கடைசி. பாரம் ஏற்றிய பிறகு எஞ்சின் திணறினால், வேகத்தைப் பிடித்து வைக்க முடியாவிட்டால் மட்டும் பிட்ச் (ஒரு சுற்றுக்கு முன்னே தள்ளும் தூரம்) குறைந்ததாக மாற்றுங்கள். அது இழுவையைக் கூட்டுமே தவிர அலையைச் செய்யாது.

கயிறு 20 முதல் 25 அடி, சர்ஃபிங்குக்கென்றே வரும் தடித்த கயிறாக இருக்கட்டும். அதைக் கையில் சுற்றிக்கொள்ள யாரையும் விடாதீர்கள். எஞ்சின் ஓடும்போது பின்தட்டில் யாரும் உட்காரவோ தொங்கவோ கூடாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, மயங்கித் தண்ணீரில் விழுந்த பிறகுதான் தெரியும். பையன்கள் கெஞ்சுவார்கள். நீங்கள் அசையாதீர்கள்.

கேள்வி: வேக்சர்ஃபிங் படகு கிடைத்தாலும் எண்ணூர் கழிமுகத்திலோ பழவேற்காட்டிலோ ஓட்டலாமா? புழல் ஏரி? — ஒரு வாசகி, எண்ணூர்

பதில்: மூன்றிலும் முடியாது அம்மா. புழல் ஏரி சென்னைக்குக் குடிநீர் தருவது. பழவேற்காட்டு ஏரியின் சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவுதான், அலை எழும்பவே எழும்பாது, புரொப்பல்லர் சேற்றைத்தான் கலக்கும். பூநாரைகள் இரை தேடும் பறவைகள் சரணாலயம் வேறு. 2011 டிசம்பர் 25 அன்று அங்கே உல்லாசப் பயணம் போன படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அளவுக்கு மேல் ஆள் ஏற்றியிருந்தார்கள், உயிர்காப்பு உடுப்பு இல்லை. படகில் பாரம் ஏற்றுவதைப் பற்றி எழுதும்போதெல்லாம் எனக்கு அந்த நாள்தான் நினைவுக்கு வரும்.

எண்ணூர் கழிமுகத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. சாம்பலும் மண்ணும் சேர்ந்து தூர்ந்துபோய், பல இடங்களில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கையாலேயே இறால் தடவிப் பிடிக்கிறார்கள். 2023 டிசம்பரில் எண்ணெய் படிந்து அவர்கள் பட்ட பாட்டை நீங்கள் கண்ணாலேயே பார்த்திருப்பீர்கள். இவ்வளவு பாரம் ஏற்றிய படகின் அலை அவர்கள் மேல்தான் போய் அடிக்கும். வட சென்னைக்குள் இந்த விளையாட்டுக்குத் தோதான அமைதியான ஆழத் தண்ணீர் எதையும் என்னால் காட்ட முடியவில்லை. இடத்தையும் அதற்கான அனுமதியையும் கையில் வைத்துக்கொண்டுதான் யாரும் படகு தேட வேண்டும்.

கேள்வி: தண்ணீர்ப் பை நிரப்பும் பம்ப் ஒன்றை இணையத்தில் 9,800 ரூபாய்க்கு வாங்கினேன். இரண்டாவது வாரமே நின்றுவிட்டது. பில்லில் ஆறு மாத வாரண்டி இருக்கிறது. விற்றவர் “தப்பாகப் பயன்படுத்திவிட்டீர்கள்” என்கிறார். என்ன செய்வது? — ஒரு வாசகர், ராயபுரம்

பதில்: முதலில் பம்பின் வகையைப் பாருங்கள். உள்ளே ரப்பர் இதழ்கள் சுற்றும் வகை என்றால் தண்ணீர் இல்லாமல் ஓட்டவே கூடாது. எனக்கே இது நடந்திருக்கிறது. மூடியின் நாலு திருகாணியைக் கழற்றிப் பார்த்தால், ஆறு இதழ்களில் மூன்று வேரோடு பிய்ந்து குழாய் வாயில் அடைத்துக்கொண்டிருந்தன. தண்ணீர் வரும் வால்வை மூடிவிட்டு, பம்பை அப்படியே ஓடவிட்டது என் தவறு, ரப்பர் இதழை மட்டும் மாற்றிச் சரிசெய்தேன். உங்கள் பம்பில் இதழ்கள் முழுசாக இருந்து மோட்டார் மட்டும் சுற்றவில்லை என்றால் குறை பெரும்பாலும் பொருளில்தான்.

அப்படி இருந்தால் அந்த இணையதளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாகப் பதில் வர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அதோடு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யுங்கள். அதிலும் நடக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டத்தின்படி விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

காசிமேட்டுத் தம்பிகளுக்கும் சேர்த்து ஒன்று. வியாபாரத்துக்காக வாங்கிய பொருள் என்றால் இந்தச் சட்டத்தில் நீங்கள் நுகர்வோர் ஆகமாட்டீர்கள். சுயதொழில் செய்து பிழைப்பதற்காகவே வாங்கியிருந்தால் மட்டும் விலக்கு உண்டு. ஆகவே எதற்காக வாங்கினீர்கள் என்பதைப் புகாரில் தெளிவாக எழுதுங்கள். அப்புறம், பம்பைத் திருப்பி அனுப்பும் முன் மூடியைத் திறந்து உள்ளே இதழ்கள் முழுசாக இருப்பது தெரிய, வரிசை எண்ணும் சேர்த்து, பகல் வெளிச்சத்தில் இரண்டு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.