ஆப்டிட்யூட் டெஸ்ட் முடிவை வைத்து மகளின் வேலையைத் தீர்மானிக்கலாமா?

கேள்வி: என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். எதிர்கால வேலைக்குத் தயார்ப்படுத்துகிறோம் என்று பள்ளியில் இந்த ஆண்டு புதிதாக ஒரு திட்டம் தொடங்கியிருக்கிறார்கள். ஒரு ஆப்டிட்யூட் டெஸ்ட், இரண்டு கருத்தரங்கு, ஆண்டு இறுதியில் கேரியர் கண்காட்சி. டெஸ்டில் அவளுக்கு ‘ஆய்வு நாட்டம்’ என்று வந்திருக்கிறது. இதை நம்பி முடிவெடுக்கலாமா? இல்லை, படிக்கிற நேரம்தான் வீணாகிறதா?

பதில்: முடிவெடுக்க வேண்டாம். அந்தத் தாளைக் கிழித்துப் போடவும் வேண்டாம்.

‘ஆய்வு நாட்டம்’ என்று வந்திருப்பதைப் பார்த்தால், அமெரிக்க உளவியலாளர் ஜான் ஹாலண்ட் 1959-இல் முன்வைத்த கோட்பாட்டின் வழியில் வந்த டெஸ்டாக இருக்கலாம். செய்முறை, ஆய்வு, கலை, சமூகம், தொழில்முனைவு, ஒழுங்குமுறை என்று ஆறு நாட்டங்களாகப் பிரிப்பது அவருடைய முறை. இது அளப்பது ஆர்வத்தை. திறமையைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும். தவிர, ‘கணக்குகளைச் சரிபார்ப்பது உனக்குப் பிடிக்குமா?’ என்று 14 வயதுப் பெண்ணைக் கேட்டால் அவள் என்ன சொல்வாள்? அந்த வேலையைச் செய்கிற ஒருவரை அவள் பக்கத்தில் இருந்து பார்த்ததே இல்லை. மனதுக்குத் தோன்றியதை டிக் அடித்திருப்பாள். அடுத்த ஆண்டு அதே டெஸ்டை எழுதினால் வேறு பதில் வந்தாலும் ஆச்சரியமில்லை.

தெரியாததை யாரும் விரும்ப முடியாது. ஓஇசிடி என்ற பன்னாட்டுப் பொருளாதார அமைப்பு, பல நாட்டு மாணவர்களுக்கு நடத்தும் 2018 பீசா தேர்வின்போது 15 வயதுப் பிள்ளைகளிடம், 30 வயதில் என்ன வேலையில் இருப்பாய் என்று கேட்டது. 41 நாடுகளின் பதில்களைத் தொகுத்தபோது, பெண் பிள்ளைகளில் 53 சதவீதமும் ஆண் பிள்ளைகளில் 47 சதவீதமும் அதிகம் பேர் விரும்பிய பத்தே வேலைகளுக்குள் அடங்கிவிட்டார்கள். மருத்துவர், ஆசிரியர், வழக்கறிஞர் என்று எல்லாருக்கும் தெரிந்த பெயர்கள்தான். உலகத்தில் வேலைகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன.

அதனால் பள்ளியின் திட்டத்தை எடைபோட நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: வேலை பார்க்கிற மனிதர்களை உங்கள் மகள் எத்தனை முறை நேரில் சந்திக்கப் போகிறாள்? பள்ளிகள் வேலை வழிகாட்டலை எப்படிச் செய்ய வேண்டும் என்று இங்கிலாந்தில் 2014-இல் வெளியான ‘காட்ஸ்பி’ அளவுகோல்கள் எட்டு. அவற்றில் இதுவும் ஒன்று. 11 வயது முதல் 18 வரை ஆண்டுக்கு ஒரு முறையாவது இப்படிப்பட்ட சந்திப்பு வேண்டும். 16 வயதுக்குள் ஒரு முறையாவது பணியிட அனுபவம் வேண்டும். பயிற்சி பெற்ற ஆலோசகரோடு தனியாக ஒரு உரையாடலும் அதே வயதுக்குள் நடக்க வேண்டும் என்கிறது அது. இதோடு ஒப்பிட்டால், அரங்கு நிறைய மாணவர்களை உட்கார வைத்து நடத்தும் கருத்தரங்கு எனக்குப் பெரிதாகப் படவில்லை. கண்காட்சியும் அப்படித்தான், பை நிறையத் துண்டுப் பிரசுரத்தோடு வீடு திரும்புவார்கள்.

பணியிடத்துக்கு அனுப்பினாலும் சும்மா அனுப்பினால் போதாது. ஓரமாக ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார வைப்பார்கள், பிள்ளை மதியத்துக்குள் போனை எடுத்துவிடும். கையில் கேள்விகள் இருந்தால் கதையே வேறு. இவர் இன்று யாரோடு அதிகம் பேசினார்? எந்த வேலை பாதியில் நின்றது, ஏன்? தவறு நடந்தபோது முதலில் யாரிடம் சொன்னார்? இப்படி நாலைந்து கேள்விகளோடு ஆய்வுக்கூடத்துக்குப் போகிற பெண், அங்கே பாதி நாள் மாதிரிகளுக்கு லேபிள் ஒட்டுவதிலும் பதிவேடு எழுதுவதிலும் கழிவதைப் பார்ப்பாள். அதைப் பார்த்த பிறகும் பிடிக்கிறது என்றால் அந்த ‘ஆய்வு நாட்டம்’ என்ற பதிலை நான் நம்புவேன். பிடிக்கவில்லை என்று தெரிந்தாலும் லாபம்தான். திரும்பி வந்ததும் ஆசிரியர் அரை மணி நேரம் அதைப் பற்றிப் பேச வேண்டும். பல பள்ளிகள் கோட்டை விடுவது இங்கேதான்.

அப்புறம், எந்தத் திட்டத்திலும் எழுதாத ஒரு விஷயம் இருக்கிறது. தேர்வு அறையில் பக்கத்தில் இருப்பவரைக் கேட்டால் காப்பி. வேலையில் தெரியாததைக் கேட்காமல் இருந்தால்தான் குற்றம். பள்ளியில் முடியாத வேலையைக் கடைசி நாள் வரை மறைத்து வைத்துப் பழகிய பிள்ளை, வேலைக்குப் போன முதல் வருடம் இதனாலேயே திட்டு வாங்கும். ‘வெள்ளிக்கிழமைக்குள் முடியாது, இந்தப் பகுதி மட்டும் தயார், மீதிக்குத் திங்கள் வரை வேண்டும்’ என்று புதன்கிழமையே சொல்லத் தெரிவது பெரிய திறமை. குழு வேலையில் ஆசிரியர் இதை அனுமதிக்கிறாரா என்று பாருங்கள். ஒருத்தியே முழுவதும் செய்து நால்வரும் ஒரே மதிப்பெண் வாங்குகிற குழு வேலையால் யாருக்கும் பயனில்லை. யார் எதைச் செய்தார்கள், எங்கே தகராறு வந்தது, எப்படித் தீர்த்தார்கள் என்று ஆசிரியர் கேட்டால் அந்தப் பள்ளி சரியான பாதையில் இருக்கிறது. மென்திறன் வகுப்பு என்று வாரம் ஒரு மணி நேரம் தனியாக ஒதுக்குவதைவிட, அறிவியல் வகுப்பிலும் மொழி வகுப்பிலும் இது நடப்பதே மேல்.

சரி, நேரம் வீணாகுமா? ஜப்பானின் ஹியோகோ மாகாணத்தில் 1998 முதல், எட்டாம் வகுப்புக்கு இணையான மாணவர்களைப் பள்ளிக்கு வெளியே, பெரும்பாலும் பணியிடங்களுக்கு, அனுப்புகிறார்கள். அதற்கென ஒதுக்கியது ஐந்து நாள். அயர்லாந்தில் 1974-இல் தொடங்கிய ‘இடைநிலை ஆண்டு’ இன்னும் ஒரு படி மேலே போய், பொதுத் தேர்வே இல்லாத ஒரு முழு ஆண்டைத் தருகிறது. அதில் பணி அனுபவமும் உண்டு. உங்கள் பள்ளி கேட்பது அவ்வளவெல்லாம் இல்லை. என் கணக்கில், நேரம் வீணாவது அந்த இரண்டு கருத்தரங்கில்தான்.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் பணியிட அனுபவம் எப்போது, திரும்பி வந்ததும் யார் பேசுவார்கள் என்று கேளுங்கள். திட்டத்தில் இல்லை என்றால் பெற்றோர்களிடையே ஒரு பட்டியல் எடுக்கச் சொல்லுங்கள். ஒரு வகுப்பில் 40 பிள்ளைகள் என்றால் அவர்கள் வீடுகளிலேயே இருபது முப்பது விதமான வேலை பார்க்கிறவர்கள் இருப்பார்கள். மாதம் ஒருவர் வந்து, பெருமை பேசாமல், போன வாரம் தன் வேலையில் என்ன நடந்தது என்று மட்டும் சொன்னால் போதும். உங்கள் பெயரை முதலில் எழுதிக் கொடுங்கள்.