வைட்டமின் டப்பாவுக்குள் இருக்கும் மாத்திரை

வணக்கம் மேடம்,

எனக்கு வயது 32. பள்ளியில் கணக்கு ஆசிரியை. ஐந்து வருடங்களுக்கு முன் மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தேன். அதற்கு முன் பத்து நாட்களாக இரவில் இரண்டு மணி நேரம் படுத்தாலே போதும், காலையில் புது ஆள் மாதிரி எழுந்துவிடுவேன். கையில் இருந்த சேமிப்பு நான்கே நாளில் கரைந்தது. மெதுவாகப் பேசு என்று யாராவது சொன்னால் கோபம் பொத்துக்கொண்டு வரும். டாக்டர் 'இருமுனைக் கோளாறு' என்றார், மனம் சில காலம் அளவுக்கு மீறி எழுச்சியாகவும் சில காலம் அடியோடு சோர்ந்தும் போகும் நோய். அன்றிலிருந்து லித்தியம் சாப்பிடுகிறேன். இப்போது நன்றாக இருக்கிறேன்.

நோயை விட அதை மறைப்பதில்தான் ஓய்ந்துபோகிறேன். மாத்திரைகளைப் பிரித்து வைட்டமின் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். காலி அட்டையைக் கத்திரிக்கோலால் பொடியாக வெட்டித்தான் குப்பையில் போடுவேன். ரத்தப் பரிசோதனை நாளில் பள்ளியில் 'தைராய்டு' என்று சொல்லிவிடுவேன். ஆசிரியர் அறையில் யாரையாவது 'மெண்டல்' என்று சொல்லிச் சிரித்தால் நானும் சேர்ந்து சிரிக்கிறேன். அன்று இரவு என் மேலேயே வெறுப்பாக இருக்கும்.

"நல்லாத்தானே இருக்கே, இன்னும் எதுக்கு அந்த மாத்திரை? பழகிப்போச்சுன்னா அப்புறம் விடவே முடியாது" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருக்கிறார். போன வாரம் நானாகவே நிறுத்திவிட்டேன். இன்றோடு ஆறு நாள். ஒன்றும் ஆகவில்லை, தூக்கம் மட்டும் கொஞ்சம் குறைந்திருக்கிறது. எனக்குக் குணமாகிவிட்டதா, இல்லை ஆயுள் முழுக்க இந்த டப்பாவோடுதானா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

'தூக்கம் மட்டும் கொஞ்சம் குறைந்திருக்கிறது' என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். நான் அந்த வரியைத் தாண்டிப் போக முடியாமல் நின்றுவிட்டேன். ஐந்து வருடங்களுக்கு முன்பும் அது இப்படித்தானே தொடங்கியது? தயவுசெய்து இன்றே உங்கள் மனநல மருத்துவருக்குப் போன் செய்யுங்கள். ஆறு நாளாக மாத்திரை இல்லை, தூக்கம் குறைகிறது, இந்த இரண்டையும் அப்படியே சொல்லுங்கள். திட்டுவாரோ என்று தயங்க வேண்டாம், நிறுத்திப் பார்த்துவிட்டு வருபவர்கள் அவருக்குப் புதிதில்லை. எந்த அளவில் மறுபடி தொடங்குவது என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். விட்ட நாட்களுக்கும் சேர்த்து நீங்களாகப் போட்டுக்கொள்ளாதீர்கள்.

லித்தியத்தைத் திடீரென்று நிறுத்தினால் அடுத்த சில மாதங்களில் நோய் திரும்பும் ஆபத்து கூடுகிறது, அதிலும் நீங்கள் பார்த்த அந்த மேனியா என்ற அதீத எழுச்சி நிலை. நிறுத்த வேண்டிய அவசியம் வந்தால்கூட, குறைந்தது நான்கு வாரம், முடிந்தால் மூன்று மாதம் எடுத்துக்கொண்டு படிப்படியாகக் குறைப்பதுதான் முறை. ஆறு நாளை வைத்துக் குணமாகிவிட்டது என்று சொல்ல முடியாது. ஆயுள் முழுக்கவா என்றால், பலர் பல வருடங்கள் எடுக்கிறார்கள். உங்களுக்கு எவ்வளவு காலம் என்பதை மருத்துவரோடு உட்கார்ந்து பேசும் உரிமை உங்களுக்கு உண்டு. நிறுத்திவிட்டுப் பிறகு கேட்பதை விட, கேட்டுவிட்டு முடிவெடுப்பது நல்லது.

அம்மா பயப்படுவது போல இது போதை மருந்து இல்லை. போதைக்கு மனம் ஏங்கும், அளவு ஏறிக்கொண்டே போகும். நீங்கள் லித்தியத்துக்கு ஒரு நாளாவது ஏங்கியிருக்கிறீர்களா? 1949இல் ஜான் கேட் என்ற ஆஸ்திரேலிய மனநல மருத்துவர், மேனியா நோயாளிகள் 10 பேருக்கு லித்தியம் உப்பைக் கொடுத்துப் பலன் கண்டதை எழுதினார். இன்றும் இந்த நோய்க்கு முதன்மையான மருந்துகளில் அது ஒன்று, தற்கொலை ஆபத்தையும் குறைக்கிறது. அடுத்த முறை அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். மகளை ஆஸ்பத்திரியில் பார்த்த அந்த மூன்று வாரம் அவருக்கு இன்னும் முடியவில்லை என்று நினைக்கிறேன். மாத்திரை கண்ணில் படும்போதெல்லாம் அது திரும்ப வருகிறது.

அந்த டப்பா விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகப் பேசுகிறேன். லித்தியம் ரத்தத்தில் இருக்க வேண்டிய அளவு மிகக் குறுகியது. பெரும்பாலும் லிட்டருக்கு 0.6 முதல் 0.8 மில்லிமோல், சிலருக்கு 1.0 வரை. அளவு மீறினால் நஞ்சு. வைட்டமின் என்று நினைத்து ஒரு குழந்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டால்? பல்வலிக்குப் போன இடத்தில் நீங்கள் லித்தியத்தைச் சொல்லாமல் விட்டால், ஐபுப்ரோஃபென் மாதிரி ஒரு வலி மாத்திரை எழுதித் தரக்கூடும். அது லித்தியத்தைச் சிறுநீரகம் வெளியேற்றுவதைக் குறைத்து, ரத்தத்தில் அளவை ஏற்றிவிடும். வாந்தி, வயிற்றுப்போக்கில் உடலில் நீர் வற்றினாலும் இதே கதைதான். நடை தள்ளாடினாலோ, நாக்குக் குழறினாலோ, கை பலமாக நடுங்கினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பவருக்கு உங்கள் மாத்திரையின் பெயர் தெரிந்திருக்க வேண்டாமா? அட்டையை வெட்டாதீர்கள். மாத்திரை அதன் பெயரோடு, குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும்.

அதற்காகப் பள்ளியில் எல்லாரிடமும் சொல்ல வேண்டும் என்பதில்லை. தைராய்டு என்று சொன்னதற்காக மனம் குமைய வேண்டாம், லித்தியம் எடுப்பவர்களுக்குத் தைராய்டையும் சிறுநீரகத்தையும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள். நம்பிக்கையான இரண்டு பேருக்குத் தெரிந்தால் போதும். அதில் ஒருவர், "மூணு நாளா நீ சரியாத் தூங்கலை, வா, டாக்டரைப் பார்க்கலாம்" என்று உங்களிடம் சொல்லக்கூடியவராக இருக்க வேண்டும். அவரோடு உட்கார்ந்து, உங்களுக்கு முதலில் என்னென்ன மாறும் என்று எழுதி வையுங்கள். தூக்கம், பேச்சின் வேகம், பணம். நிதானமாக இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும், எழுச்சி ஏறிய பிறகு யார் சொல்வதும் காதில் ஏறாது.

அந்தச் சிரிப்பை நினைத்து உங்களை நீங்களே தண்டிக்காதீர்கள். பயத்தில் சிரித்த சிரிப்பு அது. அடுத்த முறை யாருக்கும் பாடம் எடுக்க வேண்டாம், திருத்திக்கொண்டிருக்கும் நோட்டைத் தொடர்ந்து திருத்துங்கள். சிரிக்காமல் இருப்பதற்கு உங்கள் நோயைச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

முதலில் அந்தப் போன். அப்புறம் இன்று இரவு எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.