இடது கைக்குக் கொடுத்த வேலை

அன்புள்ள அக்கா,

யோகோஹாமாவில் வேலை பார்க்கிறேன், நான்கு மாதமாக இயாய்தோ என்கிற, வாளை உருவி வீசும் ஜப்பானியக் கலை வகுப்புக்குப் போகிறேன். எனக்குப் பிறவியிலேயே இடதுகைப் பழக்கம். பள்ளியில் அதற்காக விரல் முட்டியில் ஸ்கேலால் அடி வாங்கியவன். இங்கே சென்செய், அதாவது ஆசிரியர், வாள் பிடிக்கும்போது வலது கை முன்னால், இடது கை பின்னால் என்கிறார். மாற்றிப் பிடிக்கட்டுமா என்று கேட்டேன், ஒரே வார்த்தையில் வேண்டாம் என்றுவிட்டார். மறுபடியும் அதே கதையா என்று மனசு விட்டுப்போகிறது. நூறு தடவை வீசினால் வலது மணிக்கட்டு வலி வேறு. இதை விட்டுவிடலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

விட்டுவிடாதீர்கள். மணிக்கட்டிலிருந்தே தொடங்குகிறேன், உங்கள் கேள்விக்குப் பாதி பதில் அங்கேதான் இருக்கிறது.

இன்றைக்கு வகுப்பு முடிந்து வந்ததும் விளக்குக்குக் கீழே இரண்டு உள்ளங்கையையும் விரித்துப் பாருங்கள். வலது கையில் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே சிவந்தோ காய்த்தோ இருந்தால், வாளை அந்த இரண்டு விரலால் இடுக்கிப் பிடித்து, வலது கையாலேயே தள்ளி வீசுகிறீர்கள் என்று அர்த்தம். காய்ப்பு வரவேண்டிய இடம் இடது உள்ளங்கையில், சுண்டுவிரலும் மோதிரவிரலும் தொடங்குகிற இடத்தில். வாளை உண்மையில் பிடிப்பது அந்த இரண்டு விரல்கள்தான். நடுவிரல் சும்மா துணைக்கு, கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் கைப்பிடியைத் தொட்டுக்கொண்டிருந்தால் போதும். 1645இல் இறந்துபோன ஜப்பானிய வாள்வீரர் மியாமோத்தோ முசாஷி தன் ஐந்து வளையங்களின் நூலில் கிட்டத்தட்ட இதையே எழுதி வைத்திருக்கிறார், இறுகிப்போன கை செத்த கை என்றும் சேர்த்து.

வலது கை சுபா என்கிற காப்புத் தட்டுக்குச் சற்றுக் கீழே, இடது கை கைப்பிடியின் கடைசியில். நீளமான ஒரு கம்பை இப்படிப் பிடித்தால் எந்தக் கை வேலை செய்யும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். தூக்குவதும் கீழே இழுப்பதும் கடைசியில் இருக்கிற இடது கை, முன்னால் இருக்கிற வலது கை திசை காட்டுகிறது. வெட்டு இறங்கி முடிகிற அந்தக் கணத்தில் மட்டும் ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி இரண்டு கையும் லேசாக உள்ளே திரும்பி இறுகும், அடுத்த கணமே தளர்ந்துவிடும். இதைத்தான் ஜப்பானியர்கள் தெநோஉச்சி என்கிறார்கள், கையின் உட்புறம் என்று பொருள். நனைத்துச் சுருட்டிய பாயை வெட்டிப் பார்க்கும்போது இது உடனே புரியும்: வலது கை முந்திக்கொண்டால் வெட்டும் விளிம்பு லேசாகச் சாய்ந்து, வாள் பாதியில் சிக்கி நின்றுவிடும். வலதுகைக்காரர்கள் தங்கள் வலது கையை அடக்குவதற்கே வருஷக்கணக்கில் பாடுபடுகிறார்கள். உங்களுக்கோ பலமான கை ஏற்கெனவே சரியான இடத்தில் இருக்கிறது, ஆனால் நான்கு மாதமாக அதைச் சும்மா வைத்துவிட்டு, பழக்கமில்லாத வலது கையைப் போட்டு வதைக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

சரி, ஏன் மாற்றிப் பிடிக்கக் கூடாது? வாளை இடது இடுப்பில், வெட்டும் விளிம்பு மேலே பார்க்கச் செருகி, வலது கையால் உருவுவது எல்லாருக்கும் ஒரே வழக்கம். உட்காரும்போது வாளைத் தன் வலது பக்கம் வைத்தால், அங்கிருந்து சட்டென்று உருவ முடியாது, அதனால் எனக்குப் பகை இல்லை என்று எதிரில் இருப்பவருக்குத் தெரியும். எல்லாரும் ஒரே பக்கம் கட்டியிருந்தால்தானே இதற்குப் பொருள் உண்டு? டோஜோவில், அதாவது பயிற்சிக்கூடத்தில், இன்னும் நேரடியான காரணம் இருக்கிறது. வரிசையில் நிற்கும்போது எல்லா வாளும் ஒரே பக்கம் வெளிவருகிறது, நீங்கள் ஒருவர் மட்டும் எதிர்ப்பக்கம் உருவினால் பக்கத்தில் இருப்பவரின் கதி?

ஸ்கேல் அடியைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதைப் படித்ததும் மனசு கனத்துப்போயிற்று. ஜப்பானிலும் இடது கையால் எழுதிய பிள்ளைகளைத் திருத்திய காலம் உண்டு. ஆனால் உங்களை அடித்தவர்கள் இடது கையைத் தாழ்ந்த கை என்று நினைத்து அடித்தார்கள். வாளில் அப்படி இல்லை தம்பி, அங்கே கனமான பொறுப்பு இடது கைக்குத்தான்.

உறையை எடுத்துக்கொள்ளுங்கள். உருவுவது வலது கை என்று பார்ப்பவர்கள் நினைப்பார்கள், ஆனால் இடது கை உறையைப் பின்னுக்கு இழுக்காமல் நுனி வெளியே வராது. திரும்பச் செருகும்போது இடது கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் உறையின் வாயில் ஒரு சின்னப் பள்ளம் மாதிரி நிற்க, வாளின் முதுகு அதில் வழுக்கிக்கொண்டு போகும். நான் இரண்டாம் வருஷம் ஒருநாள் அவசரத்தில் வலது கையை இறுக்கிக்கொண்டு செருகினேன், நுனி உறைக்குள் போகாமல் இடது கை விரல் இடுக்கில் இறங்கிவிட்டது. கூர் தீட்டாத பயிற்சி வாள்தான், ஆனாலும் நுனி நுனிதான். மூன்று தையல். அந்தத் தழும்பைத் தடவிக்கொண்டுதான் இப்போதும் வாளை உறையில் போடுகிறேன்.

இடது கையாலேயே அடித்துப் பார்க்க வேண்டும் என்ற ஆசை தீராவிட்டால், பின்னால் கெண்டோ என்கிற மூங்கில் வாள் போட்டிப் பக்கம் போய்ப் பாருங்கள். அங்கே ஜோதான் என்ற நிலையில் மூங்கில் வாளைத் தலைக்கு மேல் உயர்த்தி, இடது கை ஒன்றாலேயே அடிப்பார்கள். இரட்டை வாள் பிடிப்பவர்களில் பெரிய வாளை இடது கையில் வைத்துக்கொள்பவர்களும் உண்டு.

இப்போதைக்கு இரண்டு வாரம் நூறு வீச்சை நிறுத்துங்கள். இலேசான மரவாளை இடது கையால் மட்டும் பிடித்து, தினம் இருபது தடவை, மெதுவாக. அப்புறம் வலது கையைத் தூங்குகிற குழந்தை மேல் வைப்பது போல வைத்துக்கொண்டு இன்னொரு இருபது. அதற்குப் பிறகும் மணிக்கட்டு வலித்தால் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள், இழுத்தடிக்காதீர்கள். அப்புறம் சென்செயிடம் மாற்றிப் பிடிக்கட்டுமா என்று கேட்காமல், என் வலது கை அதிகமாகப் பிடிக்கிறதா என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்கு அவர் ஒரே வார்த்தையில் பதில் சொல்ல மாட்டார், பக்கத்தில் வந்து உங்கள் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக் காட்டுவார். என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா