மார்க்கோ போலோவின் மூட்டையில் ஐஸ்கிரீம் இல்லை

கேள்வி: என் மகள் பள்ளிக் கட்டுரைப் போட்டிக்கு 'ஐஸ்கிரீம் வந்த கதை' எழுதுகிறாள். மார்க்கோ போலோ சீனாவிலிருந்து இத்தாலிக்குக் கொண்டுவந்தார், இத்தாலியிலிருந்து கேத்தரின் இளவரசி பிரான்சுக்குக் கொண்டுபோனார் என்று எழுதியிருக்கிறாள். சரிதானே? இன்னொன்று: அதே ஐஸ்கிரீமுக்கு 'ஜெலாட்டோ' என்று பெயர் வைத்து இரண்டு மடங்கு விலை வாங்குகிறார்கள். இது ஏமாற்று வேலைதானே? (ஒரு வாசகி, திருச்சி)

பதில்: சரியில்லை. இரண்டு வரிகளையும் இன்றைக்கே அடித்துவிடச் சொல்லுங்கள்.

மார்க்கோ போலோ 1295-ல் வெனிஸ் திரும்பினார். அவருடைய பயண நூலில் ஐஸ்கிரீம் பற்றி ஒரு வரிகூட இல்லை. பாலைப் பற்றி உண்டு. மங்கோலியப் படைவீரர்கள் பாலைக் காயவைத்து எடுத்துப்போவார்கள், தோல்பையில் தண்ணீரோடு போட்டுக் குதிரை ஓடுகிற குலுக்கலிலேயே கரைத்துக் குடிப்பார்கள் என்கிறார். ஒரு வீரனின் பால்பையை இவ்வளவு கூர்ந்து பார்த்த மனிதர், உறைந்த இனிப்பு ஒன்றைச் சாப்பிட்டிருந்தால் எழுதாமல் விட்டிருப்பாரா? கேத்தரின் 1533-ல், 14 வயதில் மணமாகி பிரான்சுக்குப் போனார். அவர் ஐஸ்கிரீம் கொண்டுபோனதற்கு அந்தக் காலத்து ஆதாரம் எதுவும் கிடையாது. இரண்டுமே பிற்காலத்தில் கிளம்பிய கதைகள்.

இந்தக் கதைகள் மேல் எனக்கு உண்மையிலேயே கோபம் உண்டு. உழைத்தவன் பெயர் போய், பயணியும் இளவரசியும் நிற்கிறார்கள்.

ஐஸ்கிரீமைச் சாத்தியமாக்கியது உப்பு. வெறும் பனியில் வைத்தால் பால் குளிரும், உறையாது. சர்க்கரை சேர்ந்த பால் உறைய 0 டிகிரிக்கும் கீழே போகவேண்டும். பனியில் உப்பைக் கொட்டினால் குளிர் மளமளவென்று இறங்கும். சாதாரண உப்பிலேயே மைனஸ் 21 டிகிரி வரை போகலாம். ராத்திரி மணியடித்து வரும் குல்ஃபிக்காரரின் பானையில், சிவப்புத் துணிக்கு அடியில் ஐஸோடு கல்லுப்பும் கிடக்கிறதே, அது இதற்காகத்தான். வெடியுப்பால் தண்ணீரைக் குளிர்விக்கும் முறையை 13-ஆம் நூற்றாண்டிலேயே அரபு மருத்துவர்கள் குறித்து வைத்தார்கள். 1589-ல் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரைச் சேர்ந்த ஜாம்பட்டிஸ்டா தெல்லா போர்ட்டா, பனியும் வெடியுப்பும் கொண்டு குப்பியில் இருக்கும் வைனை உறையவைக்கும் விதத்தை எழுதினார்.

அதே நேப்பிள்ஸில், 1690-களில், அன்டோனியோ லத்தீனி என்பவர் அச்சில் வந்த தன் சமையல் நூலில் 'சொர்பெத்தோ' என்னும் உறைந்த இனிப்புகளின் செய்முறைகளைச் சேர்த்தார். அதில் ஒன்று பால் சொர்பெத்தோ. பாலை முதலில் காய்ச்சச் சொல்கிறார். சர்க்கரையும், பாகில் ஊறிய நாரத்தை அல்லது பூசணித் துண்டுகளும் போடச் சொல்கிறார். இந்த லத்தீனி யார் தெரியுமா? சிறுவயதிலேயே பெற்றோரை இழந்து, கிடைத்த வீடுகளில் எடுபிடி வேலை செய்து பிழைத்தவர். எழுதப் படிக்கவே ரோமில் ஒரு சமையற்காரரிடம்தான் கற்றுக்கொண்டார். உங்கள் மகள் எழுதவேண்டிய பெயர் இவருடையது.

பனி எங்கிருந்து வந்தது? இத்தாலியின் சிசிலித் தீவுக்கு அங்கேயே இருக்கும் எட்னா எரிமலையிலிருந்து வந்தது. குளிர்காலத்தில் ஆட்கள் மலையேறி, பனியைக் குழிகளில் தள்ளி, மிதித்துக் கெட்டியாக்கி, மேலே வைக்கோலும் எரிமலைச் சாம்பலும் போட்டு மூடுவார்கள். கோடையில் பாளம் பாளமாக வெட்டி, வெயில் ஏறுமுன் கோவேறு கழுதைகளில் கீழே இறக்கவேண்டும். 1770-ல் அங்கே போன ஸ்காட்லாந்துப் பயணி பேட்ரிக் பிரைடன், கட்டானியா பிஷப்பின் வருமானத்தில் பெரும்பங்கு இந்தப் பனி விற்ற காசு என்று எழுதுகிறார்.

இப்போது ஜெலாட்டோ. இத்தாலிய மொழியில் அதற்கு 'உறைந்தது' என்றுதான் பொருள். அங்கே தெருக்கோடிக் கடையில் கிடைப்பதும் ஜெலாட்டோ, தொழிற்சாலைப் பொட்டலத்தில் வருவதும் ஜெலாட்டோ. ஆக, பெயரைக் காட்டி விலை ஏற்றினால் உங்கள் கோபம் நியாயம். ஆனால் ஒழுங்காகச் செய்த ஜெலாட்டோ வேறு பண்டம். பால் அதிகம், கிரீம் குறைவு. கடைதலும் மெதுவாக நடப்பதால் காற்று குறைவாகவே ஏறும். பரிமாறும் குளிரும் கொஞ்சம் குறைவு, அதனால் நாக்கு மரத்துப்போகாமல் ருசி உடனே தெரியும். இந்திய விதிப்படி ஒரு லிட்டர் ஐஸ்கிரீம் 525 கிராம் இருந்தாலே போதும். கிட்டத்தட்ட பாதி காற்று! அடுத்த முறை டப்பாவில் மில்லியைப் பார்க்காதீர்கள், கிராமைப் பாருங்கள். ஜெலாட்டோ கடைக்குப் போனால் பிஸ்தாவின் நிறத்தைப் பாருங்கள். நிஜப் பிஸ்தா மங்கலான, பழுப்பேறிய பச்சை. கிளிப்பச்சையாக, பாத்திரத்துக்கு மேலே கோபுரம்போலக் குவித்திருந்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

கட்டுரையில் காலியான இடத்துக்கு இன்னொன்றும் தருகிறேன். வடக்கு இத்தாலியில், டோலமைட் மலைகளுக்கு நடுவே சோல்டோ என்றொரு பள்ளத்தாக்கு. வெனிஸ் நகரக் கப்பல்களுக்கு இரும்பு ஆணி செய்து கொடுத்த ஊர். இரும்புத் தொழில் நொடித்தபோது அந்தக் கொல்லர் குடும்பங்களும் பக்கத்துக் கடோரே மக்களும் 19-ஆம் நூற்றாண்டில் ஐஸ்கிரீம் தொழிலைப் பிடித்தார்கள். வியன்னாவில் தள்ளுவண்டி, அப்புறம் கடை, அப்புறம் ஜெர்மனியின் ஊர் ஊராகக் கடைகள். வசந்தத்தில் கிளம்பிப் போய், குளிர் வந்ததும் கடையைப் பூட்டிவிட்டு ஊர் திரும்புவார்கள். அதனாலேயே பள்ளத்தாக்கின் வாசலில் இருக்கும் லொங்கரோனேயில் ஐஸ்கிரீம் வணிகச் சந்தை குளிர்காலத் தொடக்கத்தில் கூடுகிறது. 1959-ல் ஆரம்பித்தது. 1963 அக்டோபர் 9 இரவு, மேலே வஜோன்ட் அணைக்கட்டின் நீர்த்தேக்கத்துக்குள் மலைச்சரிவு விழுந்து, தண்ணீர் அணையைத் தாண்டிப் பாய்ந்ததில் அந்த ஊரே அழிந்தது. சுற்றுவட்டாரத்தில் ஏறக்குறைய 2,000 பேர் செத்துப்போனார்கள். மறுபடி கட்டிய லொங்கரோனேயில் இன்றும் அந்தச் சந்தை கூடுகிறது.